பொதிக்குள் மறைந்திருக்கும் உப்பு

மலையகத் தோட்டமொன்றின் லயத்து அடுக்களையுள் நுழைவோர் கண்ணில் முதலிற் படுவது அடுப்பு. அடுத்துப் படுவது அடுப்பின் அருகே இருக்கும் உப்புச் சிரட்டை. பனியும் ஈரமும் மிகுந்த அந்தக் குளிரில் உப்புக் கசிந்து நீராகிவிடாதிருக்க, அதனை அனலின் அண்மையில் வைத்துக் காக்கின்றனர் இல்லத்துப் பெண்கள். கறி கொதிக்கும் வேளையில் மூன்று விரலால் அள்ளி இடப்படும் அந்த உப்பின் அளவைக் கை அறியும், நாவும் அறியும். கூடினால் கணவன் சொல்வான். குறைந்தால் பிள்ளை சொல்லும்.

ஆனால் அதே அடுக்களைக்குள் வேறொரு வழியாலும் உப்பு வந்து சேருகின்றது. அதனை இட்ட கை எது, இட்ட அளவு எவ்வளவு என்பதை வீட்டில் எவரும் அறியார். கடையில் வாங்கும் பிஸ்கற்றுப் பொதியிலும், பேக்கரிப் பாணிலும், நூடில்ஸ் பொதியிலும், சோயாப் பொதியோடு வரும் சிறு தூள் உறையிலும் அது மறைந்திருக்கின்றது. சிரட்டையில் உள்ள உப்பைக் குறைப்பதற்கு மனவுறுதி ஒன்றே போதும். பொதியில் உள்ள உப்பைக் குறைப்பதற்கோ முதலில் அது அங்கே இருக்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

இதன் பொருளை விளங்கிக்கொள்ள ஒரு தாயை எண்ணிப் பார்த்தல் தகும். ஹற்றனுக்கு அப்பால் ஏதோவொரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்; வயது நாற்பத்தெட்டு. தலைச்சுற்று என்று வைத்தியசாலைக்குச் சென்ற இடத்தில் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பது தெரியவந்தது. “மாத்திரையை ஒழுங்காக எடுக்க வேண்டும்; உப்பைக் குறைக்க வேண்டும்” என்று வைத்தியர் சொன்னார். சொன்னபடியே அவள் செய்தாள். தன் பங்குக் கறியை உப்பிடுமுன் தனியே எடுத்து வைத்தாள். சுவையற்ற சோற்றை உண்டு பழகினாள். மூன்று மாதம் சென்று மீண்டும் அளந்தபோது அழுத்தம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. “இத்தனை பத்தியம் இருந்தும் பயனில்லையே” என்று அவள் மனம் சோர்ந்தாள். இத்தகைய தாய் மலையகத்தில் ஒருத்தி அல்லள்.

அவளுடைய ஒரு நாளைப் பின்தொடர்ந்து சென்றால் காரணம் புலனாகும். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் அவள் உண்பது சாயத்தண்ணியும் ஆறேழு கிறீம் கிறக்கர் பிஸ்கற்றும். அதில் ஏறத்தாழ முக்காற் கிராம் உப்பு. நண்பகலில் ரொட்டியோடு ஒரு துண்டு கருவாடு. கருவாட்டின் நிறையிற் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பாக இருத்தல் கூடும். ஆகவே இருபத்தைந்து கிராம் துண்டொன்றில் இரண்டரை முதல் மூன்று கிராம் வரை சேர்ந்துவிடும். மாலையில் மலையிறங்கி வந்ததும் காற்றாத்தல் பாண்; அதில் ஒரு கிராமுக்குக் குறையாது. இரவிற் பிள்ளைகளுக்கு அவித்த நூடில்ஸில் எஞ்சிய பாதி. அதிலும் ஒரு கிராமுக்கு மேல். இவை உத்தேசக் கணக்கே. பொருளுக்குப் பொருள் சிறிது கூடும், சிறிது குறையும். ஆயினும் கூட்டிப் பார்த்தால் ஐந்தரை அல்லது ஆறு கிராம் ஆகின்றது. கறியில் ஒரு பொடி உப்பும் இடாதிருந்த நாளில் இத்தனை உப்பு அவள் உடலிற் சேர்ந்துவிட்டது! வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. சிரட்டை மூடியிருக்க, வாயில் திறந்திருந்தது என்பதே அவள் கதை.

உப்பு உடலுக்குச் செய்வது யாது? உப்பின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். சோடியம் செல்லுமிடமெல்லாம் நீரையும் உடனிழுத்துச் செல்லும் தன்மையது. அது இரத்தத்தில் மிகும்போது நீரும் மிகுகின்றது. குழாய்களுள் ஓடும் இரத்தத்தின் கனவளவு கூடுகின்றது. குழாய்ச் சுவர்களின்மேல் அழுத்தம் ஏறுகின்றது. மிகுந்த சோடியத்தை வெளியேற்றச் சிறுநீரகங்கள் இரவும் பகலும் பாடுபடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இந்நிலை நீடித்தால் இரத்தக் குழாய்கள் தடித்து நெகிழ்ச்சியை இழக்கின்றன, இதயம் தளர்கின்றது, மூளையில் ஒரு குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம் வந்து சேருகின்றது. பெரும்பாலோரிடத்தில் இந்த நோய் வலியோ காய்ச்சலோ காட்டாமல் ஓசையின்றி வளர்வது. நேற்றுவரை கூடை சுமந்து மலையேறிய ஒருவர் இன்று ஒரு கையும் காலும் விழுந்து படுக்கையிற் கிடந்தால், அந்த வீட்டின் நாட்சம்பளம் ஒன்று நின்றுபோகின்றது. அவரைப் பார்ப்பதற்காக இன்னொருவரின் சம்பளமும் நிற்கின்றது. மூத்த பிள்ளையின் படிப்பும் அத்தோடு நிற்பதுண்டு. ஆகவே இது நாவின் சுவையைப் பற்றிய பேச்சன்று. குடும்பத்தின் பிழைப்பைப் பற்றிய பேச்சு.

மலையகத்து உணவிற் கடைப்பண்டங்கள் இத்தனை இடம்பிடித்தமைக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதன் பின் வந்த காலத்திலும், தோட்டத்து மக்களின் உணவு பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. உண்பதற்கான அரிசி கடல் கடந்து வந்தது. கடலோ மலைக்குத் தொலைவு. பச்சை மீன் கெடாமல் வந்துசேர வழியில்லை. ஆகவே உப்பிட்டு உலர்த்திய கருவாடே மலைக்கு ஏறியது. 1942இல் யப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது; பங்கீடு வந்தது; கோதுமை மா அரிசியின் இடத்திற் பாதியைப் பிடித்துக்கொண்டது. யுத்தம் முடிந்தது, மாவோ போகவில்லை. ரொட்டியும் பாணும் மலையகத்தின் அன்றாட உணவாகி நிலைத்தன. பின்னர் வந்த பிஸ்கற்றும் நூடில்ஸும் அந்த வழியிலேயே நடந்து வந்தவை.

காலை ஏழு மணிக்கெல்லாம் வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு அவகாசம் இல்லை. பொதியிற் கிடைப்பதோ உடனே உண்ணத்தக்கது; பல நாள் கெடாதது; சிறு காசுக்குக் கிடைப்பது. ஆதலால் அதனை வாங்கும் தாயைக் குறை கூறுதல் நீதியன்று. அவள் அறிய வேண்டியதை அவளுக்கு அறிவிப்பதே முறை.

உணவு செய்யும் தொழிற்சாலைகள் உப்பை விரும்புவதற்குப் பல காரணங்கள் உள. உப்பு மலிவான பொருள். அது பண்டத்தைக் கெடாமற் காக்கும். பாண் மாவின் இழுவையைப் பலப்படுத்தி, புளிப்பேறுவதை அளவாக்கும். சுவை குன்றிய பொருளுக்குச் சுவை கொடுக்கும். இனிப்புப் பிஸ்கற்றிலும் உப்பு உண்டு என்று சொன்னாற் பலர் நம்பார். சீனி உப்பை மறைத்துவிடுவதால் நா ஏமாறுகின்றது. மேலும், உப்பு எப்போதும் உப்பு என்ற பெயரோடே வருவதில்லை. அப்பச்சோடா எனப்படும் சோடியம் பைகாபனேற்று, சுவையூட்டியாகச் சேரும் மொனோசோடியம் குளுற்றமேற்று, பண்டம் கெடாதிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோவேற்று ஆகிய இவற்றின் பெயர்களிலெல்லாம் சோடியம் என்னும் குடிப்பெயர் நிற்பதைக் காணலாம். பெயர் பலவாயினும் குடி ஒன்றே.

பொதியின் பின்புறத்தைப் படிக்கும் கலை கடினமானதன்று. உப்பு எனக் குறித்திருந்தால் அந்த எண்ணையே கொள்ளலாம். சோடியம் எனக் குறித்திருந்தால் அதனை இரண்டரையாற் பெருக்க உப்பின் அளவு வரும். 400 மில்லிகிராம் சோடியம் ஒரு கிராம் உப்புக்குச் சமம். 1,200 மில்லிகிராம் ஆயின் மூன்று கிராம். நாள் முழுவதற்கும் உரிய அளவிற் பாதிக்கு மேல் அந்த ஒரு பொதியிலேயே அடங்கிவிட்டது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்க்கும் ஒரு வழி உண்டு. இலங்கையில் 2016இல் மென்பானங்களின் சீனிக்கு நிறக் குறி கட்டாயமாக்கப்பட்டது. 2019இல் திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் அம்முறை விரிந்தது. நூறு கிராம் உணவில் 1.25 கிராமுக்கு மேல் உப்பு இருந்தாற் சிவப்பு, 0.25 கிராமுக்கும் அதற்கும் இடைப்பட்டாற் செம்மஞ்சள். அதிலும் குறைந்தாற் பச்சை. தெருவிளக்கின் நிறங்களை அறிந்த குழந்தையும் இதனை அறியும். ஆனால் பேக்கரியிற் பொதியின்றி விற்கும் பாணுக்கும், கடையில் நிறுத்துக் கொடுக்கும் கருவாட்டுக்கும், சந்தியில் வறுத்து விற்கும் கடலைக்கும் நிறக் குறி கிடையாது. அங்கே வாங்குவோரின் அறிவே விளக்கு.

“மலையேறி வியர்வை சிந்துவோர்க்கு உப்பு மிகுதியாக வேண்டாவா?” என்ற வினா தோட்டங்களில் எழுவதுண்டு. கேட்கத்தக்க வினாவே. உடலுக்கு உப்பு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உடலின் அடிப்படைத் தேவை ஐந்து கிராமிலும் மிகக் குறைந்தது. மேலும் நுவரெலியா கடல் மட்டத்திற்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது. அங்கும் ஹற்றன் பகுதியிலும் உழைப்போர் வறண்ட வலயத்து வெயிலில் உழைப்போரைப் போல் நீர் வற்றிப் போவதில்லை. உழைப்பின் களைப்புக்கு முதல் மருந்து தண்ணீர். வயிற்றோட்டத்தின்போது கொடுக்கும் ஜீவனி நீரில் உள்ள உப்பு அளந்து சேர்த்த மருந்து. அதனை அன்றாட உணவின் உப்போடு ஒப்பிடுதல் பொருந்தாது.

உப்பைக் குறைத்தாற் பயன் உண்டா என்பதை வெளிநாடுகளின் அனுபவம் காட்டுகின்றது. பின்லாந்து தேசத்தின் வட கரேலியா மாகாணம் காடும் குளிரும் நிறைந்த ஏழை மாகாணமாய் இருந்தது. அங்கு நடு வயது ஆண்கள் இதய நோயால் மடிவது மிகுந்திருந்தது. 1972இல் அங்கு ஒரு பெரும் சுகாதார இயக்கம் தொடங்கியது. அதற்குத் துணைநின்றோருள் வைத்தியர் மட்டுமல்லர், மார்த்தா என்னும் இல்லத்தரசியர் சங்கத்தாரும் இருந்தனர். ஊர்தோறும் பெண்களைக் கூட்டி, கொழுப்பும் உப்பும் குறைந்த உணவைச் சமைத்துக் காட்டி, உடனிருந்து உண்டனர். 1993இல் அந்நாட்டில் உப்பு மிகுந்த பண்டங்களின்மேல் அவ்வாறே எழுத வேண்டுமென்று சட்டம் வந்தது. 1970களின் இறுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிராமாக இருந்த உப்பு, இரண்டாயிரத்தையடுத்த ஆண்டுகளில் ஒன்பது கிராம் அளவுக்கு இறங்கியது. தோட்டத்து மாதர் சங்கங்களுக்கு இது நல்ல பாடம்.

பிரித்தானியாவில் வேறொரு வழியைக் கையாண்டனர். அங்கு 2003ஆம் ஆண்டையடுத்துப் பாண் முதலிய பண்டங்களின் உப்பை உற்பத்தியாளர்கள் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தனர். திடீரெனக் குறைக்காமையால் வாங்குவோர் வேறுபாட்டை உணரவில்லை. 2011க்குள் மக்கள் உண்ணும் உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமுக்கு வந்தது. நாவுக்கு வழக்கமே சுவை. வழக்கம் மெல்ல மாறினாற் சுவையும் உடன் மாறும் என்பதற்கு இது சான்று. சில வாரம் உப்பைக் குறைத்து உண்டவர்க்குப் பழைய உணவு கரிக்கத் தொடங்கிவிடும்.

சீன தேசத்தின் வட பகுதியில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 மக்களிடையே நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. முன்னர் பாரிசவாதம் கண்டவர்களும், இரத்த அழுத்தம் மிகுந்த முதியோரும் அதிற் பங்குகொண்டனர். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்புக்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொற்றாசியம் குளோரைட்டுக் கலந்த உப்புக் கொடுக்கப்பட்டது. அக்கிராமங்களிற் பாரிசவாதம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைந்தது. ஆயினும் இத்தகைய மாற்றுப்பு எல்லோருக்கும் ஏற்றதன்று. சிறுநீரக நோய் உள்ளவரும், சில வகை அழுத்த மாத்திரை உண்போரும் வைத்தியரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது.

இனி, மலையகத்து அடுக்களையிற் செய்யக்கூடியவை எவை என்று காணலாம். நூடில்ஸில் உப்பின் பெரும் பகுதி மாவிழையில் இல்லை. உடன்வரும் தூள் உறையிலேயே இருக்கின்றது. உறையிற் பாதியை இட்டு மீதியை எறிந்துவிட்டால், ஒரு காசு செலவின்றி உப்புப் பெருமளவு குறையும். அதனுடன் கரட், லீக்ஸ், கோவா சிறிது அரிந்து சேர்த்தால் அளவும் கூடும், சத்தும் கூடும். சோயாவும் அவ்வாறே, அதன் சுவைத் தூளை விலக்கி, வீட்டு மிளகாயும் மல்லியும் உள்ளியும் இட்டுச் சமைத்தாற் குறையொன்றும் இல்லை. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, மீண்டும் கழுவிச் சமைத்தல் நன்று; கருவாடு இடும் கறிக்கு வேறு உப்பு இடவே வேண்டா. சம்பலில் உப்பு இருக்கும் நாளில் ரொட்டி மாவுக்கு உப்பு எதற்கு? கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் அன்னாசிக்கும் உப்பும் மிளகாயும் தொட்டு உண்ணும் வழக்கத்தையும் மெல்ல விடுதல் நலம்.

உப்புக் குறைந்த இடத்தை நிரப்பத் தேசிக்காயும் புளியும் மிளகும் இஞ்சியும் கறிவேப்பிலையும் இருக்கின்றன. புளிப்பும் காரமும் மணமும் கூடுமிடத்தில் உப்பின் குறைவை நா பொருட்படுத்தாது. காலைப் பிஸ்கற்றுக்கு ஈடாக, முதல்நாள் இரவே அவித்து வைத்த மரவள்ளிக்கிழங்கோ கடலையோ பல வீடுகளில் இயலக்கூடியது. காய்கறிகளில் உள்ள பொற்றாசியம் சோடியத்தை வெளியேற்ற உதவுவது. இந்நாட்டின் பல பாகங்களுக்கும் கரட்டும் கோவாவும் போஞ்சியும் அனுப்புகின்ற மாவட்டம் நுவரெலியா. அந்த மரக்கறி லொறிகள் தோட்டத்து லயங்களைக் கடந்தே இறங்குகின்றன. லயத்துக்குப் பின்னால் உள்ள சிறு நிலத்தில் நாலு கீரைப் பாத்தி இருந்தால், பொதிக்கு எதிரான முதற் காவல் அதுவே.

ஓர் எச்சரிக்கையும் சொல்லுதல் வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்வதைக் கேட்டு, அயடின் சேர்ந்த உப்பை விட்டு அயடின் சேராத கல்லுப்புக்கு மாறுதல் தவறு. அயடின் குறைந்தாற் கழுத்திற் கண்டமாலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். இதனைத் தடுக்கவே 1995 முதல் இலங்கை முழுவதும் உப்புக்கு அயடின் சேர்க்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே உண்பது குறைந்த உப்பாகவும், அது அயடின் சேர்ந்த உப்பாகவும் இருத்தல் வேண்டும். அன்றியும், அழுத்த மாத்திரை உண்போர் உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒவ்வொருவரும், நோய் இல்லையென்று தோன்றினாலும், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் இரத்த அழுத்தத்தை அளந்து அறிதல் நன்று.

பொதியின் எழுத்துப் பொடியெழுத்து. பல பொதிகளில் உட்பொருட் பட்டியல் தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கு எட்டாததாயும் இருக்கின்றது. ஆனால் அந்த வீட்டிலே படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கின்றது. இரண்டரையாற் பெருக்கும் கணக்கு ஐந்தாம் வகுப்பு மாணவனுக்குக் கடினமானதன்று. பாடசாலையிற் கற்ற தசம கணக்கு வேறெந்த நாளிலும் இத்தனை பயன்பட்டிராது. சம்பள நாளன்று கடைச் சாமான் வீட்டுக்கு வந்ததும், பிள்ளை ஒவ்வொரு பொதியையும் திருப்பிப் பார்த்து, “இதில் இத்தனை, அதில் இத்தனை” என்று தாய்க்குச் சொல்லுமாயின், அடுத்த மாதத்துச் சாமான் பட்டியல் தானே மாறும்.

மூன்று மாதம் பத்தியம் இருந்து சோர்ந்த அந்தத் தாய்க்கு வேண்டியதும் இதுவே. அவள் தன் கறியிலிருந்து நீக்கிய உப்பிற் சிறிதளவு அவளிடமே திரும்பி வரலாம். பிஸ்கற்றும் கருவாடும் தூள் உறையும் குறைந்த வீட்டிற் கறிக்கு அளவாக உப்பிட இடமுண்டு. மற்றவர்களோடு ஒரே சட்டியிலிருந்து அவளும் உண்ண இயலும். அந்த உப்பை இடுவது அவளுடைய கையாக இருக்கும். அளவும் அவள் அறிந்த அளவாக இருக்கும்.